சிஞ்ஞோராவோடு இங்கிலாந்து பார்த்த கதை

எட்டு நாள் சுற்றுலா என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் போனோம். நான் மட்டும் திரும்பி வந்தேன். யாரும் சாகவில்லை. செத்திருந்தால் கோபப்படுவதற்கு எனக்கு ஒரு ஆளாவது குறைந்திருக்கும்.

இத்தாலியின் பலெர்மோ நகரில், வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், எண்பத்தாறு வயது அம்மா ஒருவரை, என் சிஞ்ஞோராவை, பதினொரு வருடம் பார்த்துக்கொண்டவன் நான். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தேன். கடைசியில் எனக்குப் பாடமாக இருந்தது அவருடைய இரத்த அழுத்தத்தின் வரலாறுதான். அவருடைய கணவர் ஆங்கிலேயர். அவர் இறந்தபோது விட்டுப் போனவை ஒரு பிரிட்டிஷ் கடவுச்சீட்டும் ஒரு மகனும். மகன் இருப்பது இங்கிலாந்தில் ஒரு சந்தை நகரத்தில். வாரத்தில் ஒரு நாள் சதுக்கத்தில் சந்தை கூடுவதால் ஊருக்கே அந்தப் பெயர். பலெர்மோவில் சந்தை நாள்தோறும் கூடுகிறது. அதற்காக யாரும் பலகை நடவில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஊரைச் சுற்றிப் பாருங்கள் என்று மகன் என் விசா முதற்கொண்டு எல்லாம் செய்து தந்தார். இத்தாலியில் வாழ எனக்குள்ள அனுமதி அட்டையான பெர்மெஸ்ஸோ கையில் இருந்தால்தான் வெளிநாடு போய்த் திரும்ப முடியும்; அதையும் எடுத்துக்கொண்டேன். எங்கள் தொழிலில் சிஞ்ஞோரா விடுமுறைக்குப் போனால் நாங்களும் போவோம். எதற்கு என்று கேட்பதில்லை. பெட்டியை அடுக்கியதும் நான்தான். யூன் மாதப் பயணத்துக்கு ஆறு கம்பளிச் சட்டை, குளிர்காலக் கோட், கல்யாணப் படம்.

“கல்யாணப் படம் என்னத்துக்கு, சிஞ்ஞோரா?”

“அவரின்ரை ஊர்தானே. அவரும் ஒருக்காப் பாக்கட்டும்.”

அவர் பேசுவது இத்தாலியன். பதினொரு வருடத்தில் அது என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழப் பழகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் கோட்டை. சக்கர நாற்காலியை மேட்டில் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், கோட்டைக்குக் கூரை இல்லை. மூன்று சுவர்களும் ஒரு படிக்கட்டும் நின்றன. படிக்கட்டு எங்கும் போகவில்லை. சுற்றிவரப் புல்லை மட்டும் சீராக வெட்டி வைத்திருந்தார்கள்.

“எங்கடை பலெர்மோவிலை இடிஞ்ச வீட்டிலை ஆக்கள் குடியிருப்பினம்,” என்றேன். “இவங்கள் அதுக்குப் புல்லு வெட்டுறாங்கள்.”

“உமக்கு எல்லாத்திலையும் ஒரு குறை. வடிவாப் பாரும்.”

வடிவாகப் பார்த்தேன். மறுநாள் தேவாலயக் கோபுரம். அடுத்த நாள் கால்வாய்: இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு படகு நிற்க, தண்ணீர் மெல்ல ஏறி அதை மேலே தூக்கியது. இருபது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். படகு வெளியே போனதும் சிஞ்ஞோரா கை தட்டினார். இவ்வளவு சந்தோசமாக நான் அவரை ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில், நண்டுச் சாப்பாட்டுக்கு முன்னால்கூடக் கண்டதில்லை. எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது, கால்வாயை நானே வெட்டியதுபோல.

நான்காம் நாள் மகன் காரில் ஊருக்கு வெளியே ஒரு பழைய மாளிகைக்குக் கூட்டிப் போனார். செங்கல் சுவர், ரோசாத் தோட்டம், வாத்துக் குளம். வாசலில் ஒரு பெண் சிரித்தபடி தேநீரும் கேக்கும் தந்தார். மேசையில் ஒரு கொப்பி. வந்தவர்கள் எல்லோரும் பெயரையும் நேரத்தையும் மட்டும் எழுதியிருந்தார்கள். நான் எங்கள் நாட்டு மடு மாதா திருத்தலத்துக்குப் போய்வந்தவன் மாதிரி நான்கு வரி எழுதினேன்: மிகவும் அழகான இடம், பராமரிப்பு நன்று, பூக்கள் விசேஷம், மீண்டும் வருவோம். உள்ளே கூடத்தில் நிறைய வயதானவர்கள் நாற்காலிகளில் சாய்ந்திருந்தார்கள். என்னைப்போல மேடேறிக் களைத்த சுற்றுலாப் பயணிகள் என்று நினைத்தேன். மாடியில் ஒரு அறையைத் திறந்து காட்டினார்கள். அந்தக் காலத்துப் பிரபு படுத்த கட்டில் என்று எண்ணிக்கொண்டு மெத்தையை அமுக்கிக்கூடப் பார்த்தேன்.

“உமக்குப் பிடிச்சிருக்கோ?” என்று சிஞ்ஞோரா கேட்டார்.

“ஓம். இஞ்சை இருந்தவை குடுத்து வைச்சவை.”

அவர் மகனைப் பார்த்தார். மகன் சன்னலுக்கு வெளியே வாத்துகளைப் பார்த்தார்.

ஏழாம் நாள் மத்தியானம் மகன் என் கையில் போர்டிங் பாஸைத் தந்தார். ஒன்று. மற்றது எங்கே என்று கேட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அம்மா உங்களுக்குச் சொல்லவில்லையா? அன்றைக்குப் பார்த்த அந்த முதியோர் இல்லத்தில்தான் இனி இருக்கப் போகிறார்.”

தோட்டத்துக்குப் போய் மனைவிக்கு அழைத்தேன். அவள் பலெர்மோவில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு அலுவலகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாருங்கோ, எனக்குத் தெரியும்.”

“எப்ப துவக்கம்?”

“ஒரு மாசமா. மடு மாதா மேலை சிஞ்ஞோரா சத்தியம் வாங்கிப் போட்டா. நான் என்னப்பா செய்யிறது?”

“அவவுக்கு மடு மாதாவை ஆர் காட்டினது?”

“நீங்கள்தானே படம் கொண்டுபோய்க் குடுத்தனீங்கள்!”

உள்ளே போனேன். சிஞ்ஞோரா சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். நான் மடிக்கும் முறையில். என்னைக் காணுமுன்னே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“என்னைவிட அந்த வாசல் பொம்பிளை வடிவாப் பாப்பாவோ?” என்றேன். கேட்கத் திட்டமிட்டிருந்தது இதுவல்ல. இதைவிடக் கௌரவமான ஒன்று.

“இல்லை. ஆனா என்ரை பிள்ளை பத்து நிமிசத்திலை வருவான்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நீர் கோட்டையைப் பாத்திருப்பீரோ? எட்டு நாளும் என்ரை மூஞ்சையைத்தான் பாத்துக்கொண்டு இருந்திருப்பீர். எனக்கு ஒருக்கா உம்மோடை ஊர் சுத்த வேணும்போலை இருந்தது.”

இது அன்பு என்பது எனக்கு விளங்காமலில்லை. ஏமாற்று என்பதும் விளங்கியது. பதினொரு வருடம் ஒவ்வொரு மாலையும் விடைபெறும்போது அவர் கன்னத்தை நீட்டுவார், நான் முத்தமிடுவேன். அடுத்த நாள் காலையிலும் நீட்டினார். நான் குனிந்து என் பையின் ஜிப்பைச் சரிபார்த்தேன். ஜிப் சரியாகத்தான் இருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் அழைக்கிறார். அங்கே மணிக்கூண்டு இருக்கிறதாம், பழைய தண்ணீர் ஆலை இருக்கிறதாம், நாங்கள் இன்னும் பார்க்காதவை. போன கிழமை நேராகவே கேட்டார்: “எப்ப வாறீர்?”

“பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் குடுத்திருக்கிறன், சிஞ்ஞோரா. கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை கிடக்கு. எப்ப வருமோ தெரியாது.”

“பாவம்,” என்றார். நம்பிவிட்டார்.

பெர்மெஸ்ஸோ என் சட்டைப் பையில்தான் இருந்தது.