வல்லம் வடகாலில் சளி மாதிரி எடுத்தது

பல்கலைக்கழகக் காசநோய் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்ததும் நான் போன முதல் ஃபீல்டு, வல்லம் வடகாலில் ஒரு பெண்கள் ஹாஸ்டல். ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்கள் அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருந்தார்கள். வராந்தாவில் நடந்தாலே இருமல் கேட்டது. ஆனால் சளி மாதிரி கொடுக்க ஒருத்தியும் முன்வரவில்லை.

காரணம் வார்டன் வாயிலிருந்தே வந்தது. "யாருக்கு நோவு கீதுன்னு எங்கையில சொல்லிடுங்க மேடம். அன்னிக்கே ரூமைக் காலி பண்ண வெச்சிடறேன்." அந்தப் பெண்களின் காதுபடவே சொன்னார்.

"பேர் சொல்ல மாட்டேன் சார். ரிசல்ட் அவங்களுக்கு மட்டும்தான்."

"அப்போ இன்னாத்துக்கு இங்க வர்றீங்க?" என்றபடி வாசல் கேட்டை மூடிவிட்டார்.

வேறு இடம் பார்க்கலாம் என்றார் எங்கள் பேராசிரியர். "இருமல் இங்கதான் சார் இருக்கு. கொஞ்சம் டைம் குடுங்க," என்றேன். கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த சர்ச் ஹாலைப் பாதிரியாரிடம் கேட்டு வாங்கினேன். ஷிஃப்ட் முடிந்து இறங்குபவர்களிடம் தினமும் அதையேதான் சொன்னேன்: ரிசல்ட்டை உங்களிடம் மட்டும்தான் சொல்வோம். பலர் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

முதலில் வந்தவள் முத்துலட்சுமி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம்; இங்கே கார் ஒயரிங் லைனில் வேலை. பாசிட்டிவ் என்றதும் எழுந்துவிட்டாள்.

"இன்னைக்கே ஊருக்குப் போயிருதேன்க்கா. தெரிஞ்சா லைன்ல நிக்க விடுவாவளா?"

"போ. ஆனா மாத்திரையோட போ. பாதியில விட்டா அப்புறம் மருந்து கேக்காது."

பக்கத்து அரசு மருத்துவமனையில் மருந்தைத் தொடங்கவும், ஊரில் தொடரவும் போனிலேயே ஏற்பாடு செய்தேன். பிறகு, "ரூம்ல இருக்கிறவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும். உன் பேரைச் சொல்ல மாட்டேன்," என்றேன்.

"நீங்க சொல்லாண்டாம். நானே சொல்லுதேன். எங்கூடத்தான படுத்துக் கெடக்காளுவ."

மறுநாள் அந்த அறைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்தே ஹாலுக்கு வந்தார்கள். அவர்களில் இன்னொருத்திக்கும் நோய் இருந்தது; அவளும் உடனே மருந்தைத் தொடங்கினாள். அதன்பின் மற்ற அறைகளிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். வார்டன் கடைசிவரை கேட்டைத் திறக்கவில்லை. நாங்களும் ஹாலை விடவில்லை.

ஊரில் ஆறு மாத மருந்தை முடித்து, டாக்டர் சான்றிதழோடு முத்துலட்சுமி அதே லைனுக்குத் திரும்பினாள். தங்குவதற்கு மட்டும் மண்ணூரில் வேறு அறை பார்த்துக்கொண்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, 'மக்கள் ஒத்துழைக்கவில்லை' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டுக் கிளம்பாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பயத்துக்கு ஒரு வழி செய்துவிட்டு, சளி டப்பாவை நீட்டுங்கள்.