திருப்பூரில் வேதியியலர்

தை பிறந்து பத்துப் பதினைந்து நாட்களில் அந்தத் தாள் வந்துவிடும். நீளத் தாளின் இரண்டு பக்கமும் சைக்ளோஸ்டைல் எடுத்து, நான்காக மடித்து, பெங்களூர் முத்திரை குத்திய உறையில் வரும். கோயம்புத்தூரில் என்னோடு எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த இருபத்திரண்டு பெண்களும் இப்போது எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஆளுக்கு ஒன்றிரண்டு வரி. அதை எழுதி அனுப்பியவள் எங்கள் வகுப்புப் பிரதிநிதி. அவளை நாங்கள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. ரெப் என்றால் அவள்தான்.

அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தாய் இல்லை, அப்பா மட்டும். வகுப்பில் முதலாவதாக வந்து, பெங்களூரில் ஆராய்ச்சிக்கு இடம் வாங்கியவள். கடைசி நாளன்று ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டு எல்லோருடைய முகவரியையும் வாங்கிக்கொண்டாள். வருடம் ஒரு கார்டு போட்டால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீட்டில் டெலிபோன் இருந்தவர்கள் எங்களில் நான்கு பேர்தான்.

முதல் தாளில் என் பெயருக்கு எதிரே ‘வேலை தேடுகிறார்’ என்று இருந்தது. அப்போது அது உறுத்தவில்லை. இன்னும் ஏழெட்டுப் பேருக்கு அதே வரி. இரண்டாம் வருடத் தாளில் ஒருத்தி சென்னையில் பெயின்ட் கம்பெனியில், ஒருத்தி கல்யாணமாகி அமெரிக்காவில், மூன்று பேர் கல்லூரியில் விரிவுரையாளர். ‘வேலை தேடுகிறார்’ என் ஒருத்திக்கு மட்டும். அந்தத் தாளை அம்மா கண்ணில் படாமல் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

மூன்றாம் வருடம் கணபதியில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் சேர்ந்திருந்தேன். டெலிபோன் எடுப்பதும் கொட்டேஷன் டைப் அடிப்பதும் என் வேலை. லேத் ஓடுகிற சத்தத்தில், மறுமுனையில் பேசுவதைக் கேட்க மற்றக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்ள வேண்டும். ரெப்புக்குக் கார்டு எழுத உட்கார்ந்தபோது டைப்பிஸ்ட் என்று எழுத மனம் வரவில்லை. ‘திருப்பூரில் சாயப்பட்டறைப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலர்’ என்று எழுதிப் போட்டுவிட்டேன். தாளில் அப்படியே வந்தது.

அதன் பிறகுதான் தனிமை என்பது என்னவென்று எனக்குத் தெரிந்தது. வாழ்த்துக் கடிதங்கள் வந்தன. எதற்கும் பதில் போடவில்லை. ஒருத்தி தன் கல்யாணத்துக்குக் கட்டாயம் வரச் சொல்லி எழுதியிருந்தாள். போனால் வேலையைப் பற்றிக் கேட்பார்கள் என்று போகவில்லை. அவிநாசித் தேருக்கு அம்மாவோடு போனபோது கூட்டத்தில் ஒரு வகுப்புத் தோழியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்ப்பதற்குள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டேன். கால் வலிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதை நம்பினாள்.

அடுத்த ஆடியில் ஒரு மத்தியானம் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது பட்டறை வாசலில் யாரோ நிழலாக நிற்பது தெரிந்தது. ரெப். நன்றாகக் கறுத்து, மெலிந்திருந்தாள். நெஞ்சோடு ஒரு பழுப்பு உறையை அணைத்திருந்தாள். முதலில் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். எதுவும் தெரியாத அம்மா பட்டறைக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறாள். ரெப் என்னையும் டைப்ரைட்டரையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“சும்மா பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தேன் புள்ள.”

முதலாளியிடம் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு எதிரே பேக்கரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு டீயும் தேங்காய் பன்னும் வந்தன. ரெப் பன்னைத் தொடவில்லை. அந்த உறையில் என்ன என்று கேட்டேன்.

“சர்டிபிகேட்டு,” என்றாள். உறையை மேசை மேல் வைத்துவிட்டு, “நீ திருப்பூர்ல இருக்கறயே, உன்னையப் புடிச்சு அங்கயே ஒரு வேலை வாங்கிக்கலாம்னு வந்தேன். அன்னூர்ல இருந்து தினமும் போய்ட்டு வந்தரலாம்,” என்றாள்.

பெங்களூர் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஆராய்ச்சியை விட்டு ஒன்றரை வருடமாகிவிட்டதாம். அப்பாவுக்குப் பக்கவாதம். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அவரைத் திருப்பிப் படுக்க வைப்பதும் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுமாகப் பொழுது போகிறது. மருந்து வாங்க வாரம் ஒரு முறை இதே சத்தி ரோட்டில், இந்தப் பட்டறையைத் தாண்டித்தான் பஸ்ஸில் போய் வந்திருக்கிறாள். தாள்களை அன்னூரில் எழுதி, கோவையில் சைக்ளோஸ்டைல் எடுத்து, கட்டாகக் கட்டிப் பெங்களூரில் ஒரு விடுதித் தோழிக்கு அனுப்பி, அங்கிருந்து தபாலில் சேர்க்கச் செய்திருக்கிறாள். முத்திரைக்காக.

நானும் என் கதையைச் சொன்னேன். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அவள் கண்ணால் பார்த்தாயிற்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதை அவள் கேட்க விரும்பவில்லை. இனித் தன்னைப் பற்றி உள்ளதையே எழுதப்போவதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

“உனக்கு என்னன்னு போடட்டும்?”

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “இருக்கறது இருக்கட்டும் ரெப்,” என்றேன். சரி என்று தலையசைத்தாள். பஸ் ஏறியதும் ஜன்னல் வழியே கையாட்டினாள்.

அந்தத் தை மாதத் தாள் அன்னூர் முத்திரையோடு வந்தது. அவள் பெயருக்கு எதிரே: ‘ஆராய்ச்சியை விட்டுவிட்டேன். அன்னூரில் நோயாளியான அப்பாவுடன் இருக்கிறேன். வேலை தேடுகிறேன்.’ என் பெயருக்கு எதிரே திருப்பூர் அப்படியே இருந்தது. இரண்டையும் திரும்பத் திரும்பப் படித்தேன். சில நாள் கழித்து, பட்டறை, டைப்பிஸ்ட் என்று உள்ளபடி ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

அடுத்த தை பிறந்து, மாசியும் வந்தது. தாள் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னூருக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்து அம்மாள் வந்து விவரம் சொன்னார். கார்த்திகையில் அப்பா இறந்துவிட்டார். கூடப் படித்த ஒருத்தி, ரெப்பின் நிலைமையைத் தாளில் படித்துவிட்டு, குஜராத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலைக்கு ஏற்பாடு செய்திருக்கிறாள். போய் ஒரு மாதமாகிறது. முகவரி அவரிடம் இல்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏனுங்க அம்மணி, திருப்பூர்ல வேலையா இருக்கற சிநேகிதி நீங்கதானுங்களா? உங்களப் பத்திச் சொல்லுமுங்க.”

“ஆமாங்க,” என்றேன்.

பட்டறையில் இன்னும் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு கணபதியிலேயே ஒரு பள்ளியில் ஆசிரியையாகி, ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டேன். எங்கள் வகுப்புக்கு இப்போது வாட்ஸப் குழு இருக்கிறது. பதினெட்டுப் பேர். ரெப் அதில் இல்லை, அவள் எண் யாரிடமும் இல்லை, குஜராத்தில் வேலை வாங்கித் தந்தவளிடம்கூட. போன மாதம் ஒருத்தி பழைய கதை பேசும்போது, முதலில் தொழிற்சாலை வேலைக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி என்று எழுதி, திருப்பூரை எப்போது விட்டாய் என்று கேட்டிருந்தாள். நான் திருப்பூரில் வேலை செய்ததே இல்லை, பட்டறையில் டைப்பிஸ்டாக இருந்தேன் என்று பதில் எழுதினேன். எல்லோரும் படித்துவிட்டதாகப் போன் காட்டியது. சிறிது நேரத்தில் ஒருத்தி தன் மகள் கல்யாணப் படங்களைப் போட்டாள். வாழ்த்துகள் வரிசையாக வந்தன. நானும் ஒரு வாழ்த்து அனுப்பினேன்.