ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்துக்கு நான் வாத்தியாராகப் போன முதல் வாரம். வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகை ஆயா சாரத்துக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருப்பார். தெருவில் நடக்கும்போதும் முகவாயை ஆட்டித் தலைகளை எண்ணுவார்.

பள்ளிக்கூடத்துப் பலகைப் பாலம் உடைந்து, பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் வந்தார்கள். எல்லாரும் கூடிச் சம்பளமில்லாமல் வேலை செய்யும் கோத்தோங் ரோயோங்குக்குப் பள்ளிக் கமிட்டி கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டது.

அந்த ஞாயிறு மத்தியானம், விடிகாலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு மணியை ஆயா அடித்துவிட்டார். பழக்கம் விடுமா? தூக்கக் கலக்கத்தில் தோட்டமே ஓடிவந்து வரிசையில் நின்றது. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியும் முகத்தில் சவரச் சோப்போடு, பேர்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்!

ஆயா புத்தகமில்லாமலே பேர் கூப்பிட்டார். வேலையிலிருந்து நின்றுவிட்ட கிழவர்கள், கடை முதலாளியான சீனத் தவுக்கே, மலாய் டிரைவரின் மனைவி என்று புத்தகத்தில் இல்லாதவர்களையும் விடவில்லை. "இருக்கேன்!" என்று அவர்கள்தான் அதிகமாகக் கத்தினார்கள்.

"யாரைக் கேட்டு மணி அடிச்சே?" என்றார் கிராணி.

"மணி கேட்டா வந்து நிக்கணும்னு நீங்கதானே பழக்கினீங்க, ஐயா? வந்துட்டீங்க. இப்பப் பிடிங்கலா சுத்தியலை."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்போது என் பேரும் வந்தது. யார் சொன்னார்களோ! "இருக்கேன்!" என்று துள்ளினேன்.

பொழுது சாய்வதற்குள் பாலம் நின்றது. அந்த ஆயாவின் பேரைத்தான் நான் கேட்கவே இல்லை, பாருங்கள்.