கத்திப் பாடிய வெப்சைட்

அந்தப் பாட்டு எங்கே காதில் விழுந்தாலும் ஜபீன் இன்றும் எழுந்து போய்விடுவாள். எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் மகளிர் துயர்துடைப்புச் சங்கத்தின் செயலாளர் வீரராகவன். அதைச் சங்கத்து வெப்சைட்டில் ஏற்றியது ஜபீன்.

பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண். அப்பாவுக்கு இறால் வியாபாரம். மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, 2006இல் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஐந்து கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்தாள். சிப்காட் கம்பெனிகளுக்கு வெப்சைட்டும் செய்து கொடுப்பாள். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் காரம்.

வீரராகவன் கேட்டது இவ்வளவுதான்: திறந்ததும் பாட்டு, மேலே ஓடும் எழுத்து, நடுவில் மாலையோடு தன் படம். வீட்டில் அடிபடும் பெண்களுக்கான உதவி எல்லாம் கீழே, பொடி எழுத்தில். ஜபீன் கேட்டதைக் கேட்டபடியே செய்தாள். ஸ்பீக்கரைக் கூட்டி வைத்து, பாட்டு கணீரென்று வருகிறதா என்று பார்த்துப் பூரித்தவளும் அவள்தான். அதை நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு.

ஒரு சனிக்கிழமை மதியம் பூமிகா என்றொரு பெண் வந்தாள். மருந்துக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறவள். பஸ்ஸில் ஒட்டியிருந்த சங்கத்து நோட்டீஸைப் பார்த்து வெப்சைட் பெயரை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாள். ஓரத்துக் கேபினில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அவ்வளவுதான், வீரராகவன் தொண்டை கிழியப் பாட ஆரம்பித்துவிட்டார். எதை அழுத்தினால் வாயை மூடுவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்ற கேபின்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"பொம்பள சங்கத்துப் பாட்டுடா! புருஷன் மேல கம்ப்ளைண்ட் குடுக்க வந்துகீது," என்று ஒருவன் சிரித்தான். பூமிகாவின் கணவன் மணவாளன் வேலை பார்க்கும் அதே இரும்பு ஆலையில்தான் அவனும் வேலை பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை பூமிகா வந்தபோது இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. "அந்தப் பாட்ட யாருக்கா வச்சது?" என்று கேட்டாள்.

அன்றைக்கே ஜபீன் பக்கத்து ஆரணியில் இருந்த சங்கத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். வீரராகவன் முழுக்கக் கேட்டார்.

"அப்போ ஜனம் பாக்குதுன்னு சொல்லு. எத்தினி பேர் பாத்தாங்கன்னு நம்பர் ஓடுமே, இப்ப எவ்ளோ கீது?"

"சார், அவ கை ஒடிஞ்சிருக்கு."

"அதுக்குத்தானேமா சங்கமே கீது! பாட்ட எடுத்துட்டா எவன் திரும்பிப் பாப்பான்?"

எவனும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதானே விஷயம்! அடிபடுகிறவள் ஒளிந்துதான் பார்ப்பாள். பக்கத்தில் இருப்பவனுக்கு மூச்சுகூடக் கேட்கக் கூடாது. அந்த மண்டையில் இது ஏறவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்கள். இவரோ எரிகிற வீட்டின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிற ஆள். சீ, என்று அவர் கொடுத்த காபியைத் தொடாமல் ஜபீன் எழுந்துவிட்டாள்.

படியில் சாராள் மடக்கினாள். சங்கத்தில் உண்மையாக வேலை செய்கிற ஒரே ஆள். பெண்களைக் காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள்தான்.

"பாஸ்வேர்டு உன்கிட்டதான கீது? அப்பறம் அவுருகிட்ட இன்னாத்துக்குக் கேட்டுக்கினு கீற?"

இரண்டே நாள். பாட்டு போனது, மாலை போனது, பழைய முகவரியும் போனது. இப்போது திறந்தால் வரிசையாக ஜாக்கெட் கழுத்து டிசைன்கள். பானைக் கழுத்து, படகுக் கழுத்து, ஜன்னல் வைத்த முதுகு. ஒரே ஒரு படத்தை அழுத்தினால் மட்டும் உதவிப் பக்கம் வரும். எது என்று சாராள் வாயால்தான் சொல்வாள். யாராவது வந்தால் எந்தப் பட்டனைத் தட்டினாலும் மறுபடி ஜாக்கெட். அடியில், தையல் கிளாஸ் என்று போட்டு சாராளின் செல் நம்பர்.

ஞாயிற்றுக்கிழமை மணவாளன் பூமிகாவை இழுத்துக்கொண்டு வந்தான். கட்டுப் போட்ட கையைத்தான் பிடித்து இழுத்தான், மிருகம்.

"அன்னிக்கு இவ இன்னா பாத்தா? காட்டு."

"ஜாக்கெட் டிசைன்தாண்ணா. நடுவுல விளம்பரம் பூந்து கத்திச்சி." ஜபீன் திறந்து காட்டினாள். திரை முழுக்கப் பெண்களின் முதுகு. பின்னால் நாலு பேர் நிற்க, மணவாளனுக்கு அதை உற்றுப் பார்க்கக் கூச்சம். ஆனாலும் விடாமல் செல்லை எடுத்து அந்த நம்பருக்கு அடித்தான்.

"தையல் கிளாஸ்தாங்க," என்றாள் சாராள். "புதன்கிழமை சேத்துக்கறோம். அளவு ஜாக்கெட் நாலு, பழைய பொடவ நாலு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு, பையில போட்டுக் குடுத்தனுப்புங்க."

"அவளுக்குக் கை ஒடிஞ்சிகீது. கீழ வுழுந்துட்டா," என்றான் கூசாமல்.

"பரவால்ல, கை ஆறுறவரிக்கும் துணி வெட்டுறதப் பாக்கட்டும்."

புதன்கிழமை காலை அந்தப் பையை பஸ் ஸ்டாண்டு வரை தூக்கி வந்து கொடுத்தவன் மணவாளனேதான். பூமிகா திரும்பவில்லை. அவன் சென்டருக்கு வந்து கத்தினான். "கிளாஸுக்கு அனுப்பினது நீயா நானா?" என்று ஜபீன் எல்லார் முன்னாலும் கேட்டாள். கூடியிருந்தவர்கள் சிரிக்கவும் போய்விட்டான். சாராள் அந்த நம்பரையே தூக்கிப் போட்டுவிட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து வீரராகவன் ஸ்டுடியோ கவரோடு வந்தார். "என் படத்த எடுத்துட்டியாமே? போவட்டும் வுடு. இத மொதப் பக்கத்துல பெருசாப் போடு. நாம காப்பாத்துன பொண்ணு."

படத்தில் காப்பக வாசல். ஊர்ப் பெயரோடு போர்டு. அதன் அடியில் பூமிகா, கட்டு அவிழ்த்த கையால் முந்தானையை இழுத்து முகத்தை மறைக்கப் பார்த்துக்கொண்டு. பக்கத்தில் மாலையும் பல்லுமாக அவர்.

ஜபீன் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். "பிலிம் எங்க சார்?"

"கவர்லயே கீதும்மா."

பிலிமை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். கத்திரிக்கோலை எடுத்துப் படத்தை நடுவாக வெட்டினாள். "உங்களுக்கு வேண்டியது இந்தப் பாதிதான சார்?" என்று மாலை போட்ட பாதியை அவர் கையில் வைத்தாள். மற்றதை அவர் கண்ணெதிரிலேயே பொடிப்பொடியாக நறுக்கினாள், போர்டில் இருந்த ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கி.