குழாயின் வாய்

வேம்புலிக்கு ஐம்பத்து நான்கு வயது. அயனம்பாக்கத்துக்காரர். ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். இருபத்தாறு வருடமாகத் தண்டவாளக் கழிவிலும் கிரீசிலும் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து இணைக்கிறார். மனைவி நாகம்மாள் அவரைப் பின்பக்கக் குழாயடியில் குளித்த பிறகுதான் உள்ளே விடுவாள். அதில் அவருக்கு வருத்தமில்லை. தன் கையை அவராலேயே முகர முடியாது.

அன்று காலை ஆவடிக்கு முன்னால் ஒரு நிலக்கரி வண்டி ஏற முடியாமல் நின்றுவிட்டது. அங்கே ஏற்றம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டுப் பெட்டி நிலக்கரிக்குத் தெரியும். பின்னாலிருந்து தள்ள இன்னொரு என்ஜின் போனது. ஓட்டுநர் கிருபாகரன். இணைக்க வேம்புலி.

கடைசிப் பெட்டி நின்ற இடத்தில் அடுக்குமாடிகளின் கழிவு தண்டவாளம்வரை தேங்கியிருந்தது. மாட்டியிருந்த இடத்திலிருந்து நழுவிய, பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் அதன் குழாயின் வாய் அதற்குள் கிடந்தது.

கொக்கியை மாட்டியதுமே கிருபாகரன் மேலிருந்து கத்தினான். “போதும் அண்ணாத்தே, கொடி காட்டு. கன்ட்ரோல்ல உசுர எடுக்குறாங்கோ.”

“காத்துக் குழாய் மாட்டல.”

“அத்த வுடு. மூணு கிலோமீட்டரு தள்ளப்போறோம். நாத்தம் இங்க வரிக்கும் அடிக்குது.”

“உனுக்கு அடிக்குது. நான் அதுக்குள்ளயே நிக்குறேன். முன்னாடி பிரேக் போட்டா உனுக்கு இன்னா தெரியும்? நீ தள்ளிகினே இருப்ப. நடுவுல கீற பெட்டி எங்க போவும்? அதோ, அந்த ஊடுங்க மேல.”

“லேட்டுன்னு நம்ம மேல எழுதி வுட்டுடுவாங்க.”

“எழுதட்டும். கொடி என் கையில கீது.”

வேம்புலி குழாயைத் தூக்கினார். அடைப்போடு மாட்டினால் காற்று போகாது. முதலில் ஊதித் தள்ள வேண்டும். பெட்டியின் காற்று அடைப்பானைத் திறந்தார். குழாய்க்குள் இருந்த கழிவு அவர் முகத்தில் அடித்தது. உதட்டில் பட்டது. குழாய்களைச் சேர்த்தார். முன் என்ஜின் ஓட்டுநர் பிரேக் போட்டுப் பார்த்தார். கிருபாகரனின் காற்றழுத்த முள்ளும் இறங்கியது. வேம்புலி கொடி காட்டினார்.

ஏறப் போனபோது கிருபாகரன் கதவை மறித்தான். “உள்ள வேணாம் அண்ணாத்தே. வெளியவே நில்லு.”

என்ஜின் படியிலேயே கம்பியைப் பிடித்து நின்றார்.

இரண்டாவது கிலோமீட்டரில் யாரோ குப்பை மூட்டையோடு குறுக்கே ஓட, முன்னால் பிரேக் விழுந்தது. மொத்த வண்டியும் ஒன்றாக நின்றது. ஒரு பெட்டியும் தடம் விலகவில்லை.

கிருபாகரனுக்கு வியர்த்திருந்தது. மூக்கைப் பொத்தியபடி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். “நல்லவேள, அண்ணாத்தே.”

வேம்புலி வாங்கி வாயைக் கொப்பளித்தார். அவனுடைய கதவடியிலேயே துப்பினார்.