தராசுக்கு வைத்த நோன்பு

கரீமுல்லாவின் தகப்பனார் கிண்டி ரேஸ் கோர்ஸில் குதிரை தேய்த்தவர். மகனுக்குப் பதினாலு வயதாகியும் தலை லாயக் கதவின் மேல் தாழ்ப்பாளைத் தாண்டவில்லை என்று கண்டபோது அவருக்கு அப்படியொரு சந்தோஷம். மற்ற வீடுகளில் பிள்ளை வளரவில்லையே என்று கவலைப்படுவார்கள். அந்த வீட்டில் வளர்ந்துவிடப் போகிறானே என்று பயந்தார்கள். நெய் பக்கத்தில் வராது. பெருநாள் பிரியாணியில் அவன் பங்கு ஒரு கரண்டி. பதினெட்டு வயதில் ஜாக்கி ஆனான். ஜெயித்தது குறைவு; விழுந்தது அதைவிடக் குறைவு. டிரெய்னர்கள் நம்பிக் குதிரை கொடுத்தார்கள்.

முப்பத்துமூன்றாவது வயதில், எழுபத்தொன்றாம் வருஷம், உடம்பு கட்சி மாறியது.

வெளியார் யாரும் அவனைத் தடித்தவன் என்று சொல்லமாட்டார்கள். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில் அவன் சைக்கிளில் போனால், "பார்த்துப் போ பாய், காத்து அடிக்குது" என்று கேலி செய்வார்கள். ஆனால் ஜனவரியில் ஓடவேண்டிய ப்ளூ மஸ்லின் என்ற பெண்குதிரைக்குச் சுமை ஐம்பத்தொரு கிலோ என்று வந்திருந்தது. சேணம், பூட்ஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். அது போக உடம்புக்கு மிஞ்சுவது நாற்பத்தொன்பது. கரீமுல்லா ஐம்பத்தொன்றில் நின்றான். நின்றான் என்றால் ஆணியடித்த மாதிரி நின்றான்.

ப்ளூ மஸ்லினைக் குட்டியாக வந்த நாளிலிருந்து அவன்தான் பழக்கினான். வேறு யார் ஏறினாலும் அது பக்கவாட்டில் நடக்கும். டிரெய்னர் வேதாந்தம் முதலாளியிடம் இவனுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். பூணூல் தெரிய மெல்லிய ஜிப்பா போட்டுக்கொண்டு லாயத்தில் நிற்கும் மனிதர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார்.

"கரீம், வெள்ளைச்சாமி நாற்பத்தெட்டு இருக்கான். முதலாளி அவனைக் கேட்டுண்டிருக்கார். நான் எத்தனை நாள் பொய் சொல்றது?"

"இறங்கிடும் சார்."

"இதையேதான் போன வாரமும் சொன்னே."

ரமலானில் ஒரு கிலோ போயிருந்தது. அதற்குப் பிறகு வைக்கிற ஆறு நோன்பையும் வைத்தான். அதில் ஒன்றும் போகவில்லை. ஆறும் முடிந்த பிறகு நஸ்ருன்னிசாவிடம், போன வருஷத்துப் பாக்கி நோன்பு இருக்கிறது என்றான். வீட்டில் பட்டினி கிடப்பதற்கு இதைவிட மரியாதையான வழி கிடையாது. யாரும் சாப்பிடு என்று வற்புறுத்தமாட்டார்கள். பள்ளிவாசலில் இரண்டு பேர் பெருமையாகப் பார்க்கவும் செய்தார்கள். விடிவதற்கு முன் அவள் வைக்கிற சோற்றைக் கொல்லைப்பக்கம் எடுத்துப்போவான். வெறும் தட்டோடு திரும்புவான். மாலையில் பேரீச்சம்பழம் ஒன்று, கஞ்சி அரை டம்ளர். காலையில் ரப்பர் சட்டை, அதன்மேல் கம்பளி, அதோடு அடையாறு பாலம் வரை ஓட்டம். சட்டையைக் கழற்றினால் தரையில் தண்ணீர் கொட்டும். அன்று சாயங்காலம் அரைக் கிலோ குறைந்திருக்கும். மறுநாள் காலை அது வீட்டுக்குத் திரும்பிய பூனை மாதிரி வந்து உட்கார்ந்திருக்கும்.

எடை பார்க்க அவன் ரேஸ் கோர்ஸ் தராசில் ஏறுவதில்லை. அங்கே எல்லாருக்கும் கண் இருந்தது. மாம்பலம் ஸ்டேஷனில் காசு போட்டால் அட்டை வரும் இயந்திரம் ஒன்று உண்டு. கிண்டியிலிருந்து திரும்பும்போது அங்கே இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குப் போகிற கூட்டம் இடிக்க இடிக்க ஏறி நிற்பான். சக்கரம் சுற்றும், விளக்கு எரியும், அட்டை விழும். பின்பக்கம் ஏதாவது நல்ல வார்த்தை அச்சடித்திருக்கும். அவன் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை.

டிசம்பர் முதல் வாரம், காலைப் பயிற்சியில், வளைவு திரும்பும்போது கண்ணுக்கு முன்னால் தடம் வெளுத்துப்போயிற்று. கை கடிவாளத்தில்தான் இருந்தது. கைக்குள் கை இல்லை. ப்ளூ மஸ்லின் தன் இஷ்டத்துக்கு ஒரு சுற்று ஓடித் தானாக நின்றது. அவன் பிடரியைக் கட்டிக்கொண்டிருந்தான். தூரத்தில் இருந்த வேதாந்தத்துக்கு அது தெரியவில்லை. குதிரைக்குத் தெரிந்தது. அன்று முழுக்க அவன் பக்கத்தில் வந்தால் காதைப் பின்னால் மடித்தது.

அதே வாரம் அடுத்த வீட்டுத் தங்கபுஷ்பம் குழாயடியில் நஸ்ருன்னிசாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாயம்மா, உன் வூட்டுக்காரரு எங்க ஆட்டுக்கு இம்மாம் பாசமா இருக்காரு? தெனம் விடியக்காலைல சோறு, முட்டை. அது இப்ப தழையத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. பொண்ணு கேட்டு வந்துடப் போறாங்க, அப்படிக் கொழுத்துக் கெடக்கு."

நஸ்ருன்னிசா சிரித்துவைத்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அந்த வீட்டில் பேச்சு உருது. கோபம் வந்தால் மட்டும் அவள் தமிழுக்கு மாறுவாள்.

"போன ரமலான்ல நீங்க ஒரு நோன்புகூட விடல. நான் இந்த வூட்லதான இருந்தேன்?"

அவன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

"பாக்கி நோன்பாம். இது யாருக்கு வெக்கிற நோன்பு? அல்லாவுக்கா, தராசுக்கா?"

"மெதுவாப் பேசு."

"நிய்யத் சொல்றீங்களா? சொல்லுங்க, நான் கேக்கறேன். இன்னான்னு சொல்லிட்டு வெக்கிறீங்க?"

அவன் ஒருநாளும் சொல்லவில்லை. நோன்பின் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டிய நேரத்தில் ஒவ்வொரு விடியலிலும் அவன் ஆட்டின் முன்னால் குந்தியிருந்தான். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். 

"சாப்ட்டா ஏறிடும் நஸ்ரு. ஒண்ணும் துன்னாமயே ஐம்பத்தொண்ணு. துன்னா?"

 மறுநாள் அவள் அவனைக் கோபாலபுரத்தில் டாக்டர் பங்கஜத்திடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் அவனைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். ரத்த அழுத்தம் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். கேட்டு முடிந்ததும் பேனாவை மூடினார்.

"குதிரைக்கு இப்படித் தீனி குறைச்சா என்ன ஆகும்?"

"மொதல்ல எளைக்கும். அப்பால வயிறு உப்பிக்கும், ரோமம் நட்டுக்கும். அடிச்சாலும் ஓடாது." சொல்லிவிட்டு அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"உங்க உடம்பு கஞ்சத்தனம் பண்ண ஆரம்பிச்சிருக்கு. வர்றது நின்னுபோச்சுன்னு அதுக்குப் பயம். வேர்க்க வைக்கிறீங்க, அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்குது. மூணு வேளை சாப்பிடுங்க. முட்டை, மீன், பருப்பு. தண்ணி குடிங்க. ரப்பர் சட்டையை விடுங்க."

"ஏறுமா?"

"முதல்ல ஏறும்."

"எவ்ளோ ஏறும்?"

"தெரியாது."

"அப்பால இறங்குமா?"

"இறங்கும்னுதான் நினைக்கிறேன். சத்தியம் பண்ணமாட்டேன். இறங்கலைன்னா, இந்த உடம்புக்கு இதுதான் எடைன்னு அர்த்தம். அப்ப வேற குதிரை பாருங்க."

வெளியே வந்ததும் அவன் சொன்னான்: "அவங்களுக்கு ரேஸைப்பத்தி இன்னா தெரியும்?"

"ரேஸைப்பத்தி நானா கேட்டேன்?" என்றாள் நஸ்ருன்னிசா.

அன்று மதியம் தட்டில் இரண்டு சப்பாத்தி, பருப்பு, வறுத்த சங்கரா மீன் ஒன்று. அவள் எதிரே உட்கார்ந்துகொண்டாள். கொல்லைக் கதவு தாழிட்டிருந்தது. முதல் வாயை வைத்தான். மென்றான். தொண்டைக்குள் இறங்கும்போது அது எங்கே போய் உட்காரும் என்று யோசனை ஓடியது. இடுப்பிலா, தொடையிலா. இரண்டாவது வாய்க்குக் கை எழவில்லை. பல வருஷமாக முரட்டுக் குதிரைகள் மேல் யோசிக்காமல் ஏறியவன், சப்பாத்தித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வேர்த்துப்போனான்.

"மீனு ஆறுது," என்றாள்.

சாப்பிட்டான். பாதிச் சாப்பாட்டில் பசி விழித்துக்கொண்டது. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. இவ்வளவு நாள் இது எங்கே படுத்திருந்தது? இனி இதை யார் கட்டிவைப்பது?

நாலாவது நாள் மாம்பலத்தில் அட்டை ஐம்பத்திரண்டு என்றது.

பின்னால் நின்ற பெண், "இறங்குய்யா, ரயில் வருது" என்றாள். அவன் இறங்கவில்லை. இன்னொரு காசு போட்டான். ஐம்பத்திரண்டு. கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டுபோய்ப் படிக்கட்டில் விட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் துணிப்பெட்டியைக் கவிழ்த்தான்.

"ரப்பர் சட்டை எங்க?"

"வெளிய போய்ப் பாருங்க."

தங்கபுஷ்பத்தின் ஆட்டுக்கொட்டகை மேல் அது விரித்துக் கட்டப்பட்டிருந்தது. இரண்டு கையையும் விறகுக்கட்டையில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். கீழே ஆடு அசைபோட்டபடி அவனைப் பார்த்தது.

"மழைக்கு நல்லாத் தாங்குது பாய்," என்றாள் தங்கபுஷ்பம்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பளியை மட்டும் சுற்றிக்கொண்டு சாந்தோம் வரை ஓடினான். அங்கே நின்று மூச்சு வாங்கும்போது ஒன்றைக் கவனித்தான். கண் இருட்டவில்லை. இன்னும் அவ்வளவு தூரம் ஓடலாம் போல இருந்தது. அது அவனுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கம்பளியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே திரும்பினான்.

அந்த வாரம் வேதாந்தம் வெள்ளைச்சாமியை ப்ளூ மஸ்லின் மேல் ஏற்றினார். கரீமுல்லாவைக் கம்பிவேலிக்கு இப்பால் நிற்கச் சொன்னார். குதிரை பக்கவாட்டில் நடந்தது, தலையை உதறியது, பிறகு வேறு வழியில்லாமல் ஓடியது. நன்றாகவே ஓடியது. வெள்ளைச்சாமி இறங்கி வரும்போது, "ஒண்ணியும் மனசுல வெச்சுக்காதண்ணே" என்றான். நல்ல பையன். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

"நீ சாப்பிட ஆரம்பிச்சுட்டியாமே?" என்றார் வேதாந்தம். குரல் தாழ்ந்திருந்தது.

"ஆமா சார்."

"ரேஸுக்கு மூணு வாரம். பைத்தியமா உனக்கு?"

"தெரில சார்."

உண்மையில் அவனுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வேளையும் தட்டு வரும்போது ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தான். நஸ்ருன்னிசா எதிரே உட்காருவதை நிறுத்திவிட்டாள். அடுப்படியில் ஏதோ வேலையாக இருப்பாள். கொல்லைக் கதவைத் திறந்தே வைத்தாள். அவன் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். மாம்பலத்தில் இறங்குவதை விட்டான். இரண்டு முறை பிளாட்பாரம் வரை போய், ஏறாமல் திரும்பினான். தூக்கம் வந்தது. பல மாதமாக இல்லாத தூக்கம். விழுந்தால் கல் மாதிரி.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிற்று. அவன் அதை நம்பவில்லை. தோல் நைந்துபோயிருக்கும் என்று நினைத்தான். ரேஸ் கோர்ஸ் தராசில், வேலைக்காரர்கள் டீ குடிக்கப் போன நேரம், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். ஐம்பதரை. இறங்கி, சட்டைப்பையில் இருந்த சாவியையும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மறுபடி ஏறினான். ஐம்பதரை. வருஷம் பிறந்து முதல் வாரத்தில் ஐம்பதுக்குக் கீழே போனது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பி வந்துவிடும் என்று பயம். வேதாந்தமே ஒருநாள் அவனைத் தராசில் ஏற்றி முள்ளைப் பார்த்துவிட்டு, முதலாளியிடம் மறுபடி அவன் பெயரைச் சொன்னார்.

ரேஸ் அன்று காலை நஸ்ருன்னிசா முட்டையும் இரண்டு ரொட்டியும் வைத்தாள். எடைபோடும் நாளில் எச்சில்கூட விழுங்காமல் துப்புகிறவன் அவன். தட்டை நகர்த்தினான். பிறகு இழுத்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டை முழுதும், ஒரு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு எழுந்தான்.

எடைபோடும் அறையில் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு தராசில் உட்கார்ந்தான். முள் ஐம்பத்தொன்றைத் தாண்டி, கொஞ்சம் யோசித்து, அங்கேயே நின்றது.

"கால் கிலோ கூட," என்றார் எழுதுகிறவர். டிரெய்னர் ஒப்புக்கொண்டால் கூடுதலைப் பலகையில் எழுதிப்போட்டுவிட்டு ஓடலாம்; குதிரைக்குத்தான் வீண்சுமை.

வேதாந்தம் அவனை ஓரமாக இழுத்துப்போனார். வெள்ளைச்சாமி இன்னும் ஜாக்கிச் சட்டைக்கு மாறாமல், கூப்பிட்டால் ஏறலாம் என்று வாசலில் நின்றிருந்தான். "அரை மணி இருக்கு. கம்பளியைச் சுத்திண்டு ரெண்டு சுத்து ஓடிட்டு வா. போயிடும்."

போய்விடும் என்று அவனுக்கும் தெரியும். கால் கிலோ வெறும் தண்ணீர். ஆனால் அந்த வளைவும், வெளுத்துப்போன தடமும், கைக்குள் இல்லாத கையும் கண் முன்னால் வந்தன.

"ஓட மாட்டேன் சார்."

"என்னது?"

"ஓடினா இறங்கும். அப்பால வளைவுல என்னைக் குதிரைதான் இட்டுக்கினு போவணும். இந்தக் கால் கிலோவோட விட்டீங்கன்னா நான் இட்டுக்கினு போறேன். இல்ல, அவனை ஏத்துங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

வேதாந்தம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே, அவன் கைகளைப் பார்த்தார். அவை நடுங்கவில்லை.  ஜன்னலுக்கு வெளியே மணி அடித்தது.

"கூடுதல் எடைன்னு எழுதிக்கோங்கோ," என்று எழுதுகிறவரிடம் சொல்லிவிட்டு, இவன் பக்கம் திரும்பாமலே வெளியே போனார்.

ஜனங்கள் பார்க்கிற பலகையில் கரீமுல்லாவின் பெயருக்கு நேரே சுண்ணாம்புக்கட்டியால் அந்தக் கால் கிலோவை எழுதினார்கள். பதினைந்து வருஷத்தில் அவன் பெயருக்கு நேரே அப்படி ஒன்று எழுதப்பட்டதில்லை. ப்ளூ மஸ்லின் மேல் ஏறி வேலியோரமாக வரும்போது கூட்டத்தில் ஒருவன் கத்தினான்:

"இன்னா நைனா, பிரியாணி பலமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"ரொட்டிதாம்பா," என்றான் கரீமுல்லா. "ஒண்ணே ஒண்ணு. இன்னொண்ணு வூட்ல கீது."

கடிவாளத்தை ஒரு பிடி சுருக்கினான். குதிரை நேராக நடந்தது.