மாமா மறந்த வரி

எங்கள் கபடிக் குழுவின் காரியதரிசிக்குச் சீப்பு வைத்து வாரிவிட்டது போல ஒரு மீசை உண்டு. அந்த மீசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மனுஷர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாயிற்று. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டுவேன். பதினோரு வயதில் வந்த கோபம், தலை நரைத்த பிறகும் அப்படியே இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தாராவியில் ஒரு கோலியில் குடியிருந்தோம். ஒற்றை அறையைத்தான் பம்பாயில் கோலி என்பார்கள். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, எங்களோடுதான் இருந்தார். தினமும் ரயிலேறி விக்ரோலிக்குப் போய், ஒரு ஃபாக்டரியில் மரப்பெட்டிகளுக்கு ஆணியடித்துவிட்டு வருவார். சாயங்காலம் அதே கை ஆர்மோனியத்தில் ஏறும். சோர் பஜாரில் வாங்கிய பழைய பெட்டி அது. துருத்தியில் இரண்டு ஒட்டு. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானாகத் தட்டித் தடவிக் கண்டுபிடித்ததுதான் எல்லாம். அதனால் அவர் விரல் போடும் விதத்தைப் பார்த்து, சங்கீதம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

அவருக்கு ரேடியோ ஆகாது. "டப்பாக்குள்ள இருந்து பாடுதவனுக்கு நம்ம மூஞ்சி தெரியுமா? பாடுதவன் நம்மளப் பாக்கணும், நாம அவனப் பாக்கணும்" என்பார். மாட்டுங்காவில் கல்யாணம் என்றால் அழைப்பில்லாமலே போய், நாதஸ்வரக்காரர்களுக்கு எதிரே தூணோடு தூணாக நிற்பார். பந்திக்குக் கூப்பிட்டால் போகமாட்டார். "சோத்துக்குப் போயிருந்தாலும் ஒரு அர்த்தம் இருக்கும் மாப்ள" என்று அப்பா கிண்டல் செய்வார். கணபதி ஊர்வலத்தில் தாஷா மேளம் அடிக்கிறவர்களுக்குப் பின்னாலேயே போய்விடுவார். கிறிஸ்தவர் வீட்டுச் சாவுக்கு பேண்டு வாசித்துக்கொண்டு போனால், செத்தது யாரென்றே தெரியாமல் கல்லறை வரைக்கும் நடந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புவார். பாதி நாள் என்னையும் கூட்டிப் போவார். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே வீட்டுக்கு வருவோம். வழியெல்லாம் கேட்டதை வாயால் வாசித்துக்கொண்டு வருவார். நான் உருமியாகவோ தவிலாகவோ இருப்பேன்.

எங்கள் தெருப் பையன்கள் கபடிக் குழு ஆரம்பித்தபோது, குழுவுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று மாமாதான் சொன்னார். அவரே கட்டினார். அணி மைதானத்தில் இறங்கும்போது பாட வேண்டிய பாட்டு. கூட்டம் கைதட்டிக்கொண்டு, 'ஏழு பேரு வாராக, எடத்த விடு, எடத்த விடு' என்று எடுக்கும். அப்புறம் கூட்டம் நின்றுவிடும். ஒரே ஒரு குரல் மட்டும், 'எங்க தெருவு வெளிச்சமெல்லாம் எறங்கி வருதே' என்று உச்சத்தில் இழுக்க வேண்டும். கபடியில் எதிர்க் கோட்டுக்குப் பாடிப் போகிறவன் மூச்சு விடக்கூடாது அல்லவா? அதே மாதிரி இந்த வரிக்கும் ஒரே மூச்சு. அந்த மூச்சு முடிவதற்குள் ஏழு பேரும் ஓரத்திலிருந்து நடந்து வந்து, நடுக்கோட்டில் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். அது முடிந்ததும் கூட்டம் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒற்றை வரியைப் பாடத்தான் ஆள் கிடைக்கவில்லை. எல்லாம் பீடிக்காரப் பயல்கள். ஒருவன் பாதியில் இருமினான். இன்னொருவன் குரல் உச்சத்தில் உடைந்து சேவல் மாதிரி ஆயிற்று. பக்கத்துக் குழாயடியில் நான் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கேட்கச் சகிக்கவில்லை. எரிச்சலில் நானே அந்த வரியை எடுத்து, ஒரே மூச்சில் கடைசி வரைக்கும் பாடி முடித்தேன். தண்ணீருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். மாமா ஆர்மோனியத்திலிருந்து தலையைத் தூக்கி, "இன்னொருக்க பாடுட்டி" என்றார்.

அன்றிலிருந்து அந்த வரி என்னுடையது. ஆம்பிளைகள் பாடும் சுருதி எனக்குத் தாழ்வு. அதனால் என் வரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மாமா வலது ஓரத்தில், முனை உடைந்த ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொள்வார். அது ஊசி மாதிரி காதில் ஏறும். "அது ஒன் கட்ட. வேற எந்தப் பயலும் அங்க ஏற முடியாது" என்பார். நான் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்புவேன். அந்த வருஷம் தாராவிக்குள் நடந்த ஆட்டங்களில் எல்லாம் நான் பாடினேன். பாடிய ஆட்டங்களில் எல்லாம் ஜெயித்தோம். அப்பா பட்டறையில் என்னைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாத நாள் கிடையாது. காரியதரிசியே ஒரு தடவை என் தலையில் கைவைத்து, "சிங்கக்குட்டி" என்றார். அதையும் நான் மறக்கவில்லை.

இறுதி ஆட்டம் ஆண்டாப் ஹில் மைதானத்தில் என்று ஆயிற்று. எதிரணி பரேல் பக்கத்து மராட்டிக்கார மில் தொழிலாளர் குழு. மேடை, தலைவர், மாலை, வெளியாட்கள் என்று பெரிய ஏற்பாடு. அம்மா எனக்குப் பச்சைப் பாவாடையைத் தோய்த்து மடித்து வைத்திருந்தாள். அதற்கு முதல்நாள் சாயங்காலம் காரியதரிசி எங்கள் கோலிக்கு வந்தார். காலை நீட்டி உட்கார்ந்து, டீயைக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நம்ம தெருவுக்குள்ள பாடுனது வேற. நாளைக்கு நாலு சாதிக்காரனும் மராட்டிக்காரனும் வாரான். பொட்டப் பிள்ளைய மைதானத்துல நிறுத்திப் பாட விட்டா நம்மளப் பத்தி என்ன பேசுவான்? பிள்ளையும் வளந்துட்டு வருது. நாளைக்கு ஒரு எடத்துல குடுக்கணும்லா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "அதுவும் சரிதான்" என்றார். பட்டறை முழுவதும் என் பெயரைச் சொல்லித் திரிந்த அதே வாய்தான். நான் எழுந்து நின்று, "நான் பாடுவேன்" என்றேன். அம்மா, "ஏட்டி, பெரியவுக பேசும்போது என்ன வாயி? போயி அரிசி பொறுக்கு" என்றாள். அரிசியாம். எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

எனக்கு மிச்சம் இருந்தது மாமா மட்டும்தான். அவர் ஆர்மோனியத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு மூலையில் இருந்தார். "அப்ப அந்த வரிய யாரு பாடுவா?" என்று கேட்டார்.

"எவனாவது ஒரு பயலப் பாடச் சொல்லும். இல்லன்னா அந்த வரிய எடுத்துரும்."

"எடுத்தா பாட்டு நொண்டியாயிரும்."

"என்னமும் பண்ணும்வே. பிள்ள பாடக்கூடாது. அவ்வளவுதான்."

மாமா அந்த முனை உடைந்த கட்டையை விரலால் தடவினார். அப்புறம், "சரி" என்றார்.

அவர் கத்துவார், ஆர்மோனியத்தைத் தூக்கிக் காரியதரிசியின் மடியில் போட்டு நீயே வாசி என்பார் என்றெல்லாம் நான் நினைத்திருந்தேன். ஒரு 'சரி'. காரியதரிசி மேல் வந்த கோபத்தைவிட அந்தச் 'சரி' மேல் எனக்கு வந்த கோபம் பெரிது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மாமா வெளியே போய் எனக்குப் பிடித்த வறுத்த கடலைப் பொட்டலம் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தார். நான் அதைக் காலால் எத்திவிட்டேன். கடலை தரையெல்லாம் உருண்டது. அவர் குனிந்து பொறுக்கினார்.

மறுநாள் மைதானத்தில் பெண்களுக்கென்று பின்னால் கயிறு கட்டி இடம் விட்டிருந்தார்கள். அம்மாவும் நானும் அங்கே உட்கார்ந்தோம். முதலில் எதிரணி இறங்கியது. லேஜிம் சலங்கை குலுங்க, டோல்கி மேளம் அதிர, அவர்கள் கூட்டம் பாடிக்கொண்டு வந்தது. முன்வரிசையில் பாடியது யார் தெரியுமா? பெண்கள். ஆட்டக்காரர்களின் அக்கா தங்கைகள், அம்மாக்கள், மூக்குத்தியும் ஒன்பது கஜச் சேலையுமாகத் தொண்டை கிழியப் பாடினார்கள். யார் என்ன பேசுவார்களோ என்று நம் காரியதரிசி பயந்தாரே, அவர்கள்தான். நான் எட்டிப் பார்த்தேன். அவர் மேடையோரம் நின்று ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். என் கையில் ஒரு கல் இருந்திருந்தால் எறிந்திருப்பேன்.

அப்புறம் எங்கள் அணி. மாமா ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார். 'ஏழு பேரு வாராக, எடத்த விடு, எடத்த விடு.' கூட்டம் பிரமாதமாக எடுத்தது. அப்புறம் நின்றது. என் வரி வர வேண்டிய இடம்.

யாரும் பாடவில்லை.

மாமா எந்தப் பயலையும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. ஆர்மோனியத்திலிருந்து ஒற்றைச் சத்தம் மட்டும் நீளமாக வந்துகொண்டிருந்தது. காதில் ஊசி குத்துகிற அந்தச் சத்தம். எங்கள் பையன்கள் நடக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தட்டுத்தடுமாறி வந்தார்கள். ஒருவன் நின்றே விட்டான். எதிர்ப்பக்கத்தில் சிரித்தார்கள், யாரோ சீட்டியடித்தார்கள். மாமா அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவர் தலையாட்ட, கூட்டம் குழப்பத்தோடு மறுபடி பிடித்துக்கொண்டது.

மறந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. நான் பாட மாட்டேன் என்பதால் வேறு ஆள் போட வேண்டும் என்பதைக்கூட மறந்துவிட்டார். அவ்வளவுதான் என் வரிக்கு மதிப்பு.

இடைவேளை முடிந்து அணி இறங்கும்போது காரியதரிசி ஓடிப்போய் மாமாவின் காதில் ஏதோ கத்தினார். மாமா தலையாட்டினார். பாட்டு தொடங்கியது. அதே இடத்தில் மறுபடியும் ஓட்டை. மறுபடியும் அந்த ஒற்றைச் சத்தம். இந்தத் தடவை மாமா மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் பக்கம் முழுசாகத் திரும்பி நின்றார். என்னையே பார்த்தார். நான் அழுகிறேனா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். என்னைத் தேற்றுகிறாள் என்று நினைத்தேன். அழுத்திய வேகத்தில் என் கண்ணாடி வளையல் நொறுங்கிக் கையில் கீறியது. அப்போதும் அவள் விடவில்லை.

இரண்டு புள்ளியில் தோற்றோம். காரியதரிசி கூட்டத்துக்கு நடுவே மாமாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். "மறந்துட்டீராவே? ரெண்டு தடவையுமா மறப்பீரு?"

"மறந்துட்டேன்" என்றார் மாமா.

அதைப் பற்றி அதற்கு மேல் அன்றும் பேசவில்லை, என்றும் பேசவில்லை. குழுவிலிருந்து அவரை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் லவுட்ஸ்பீக்கர் வைத்து ரிகார்டு போட்டார்கள். தெருவில் அவருக்கு மறதி மாமா என்று பெயர் விழுந்தது. சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் கூப்பிட்டேன், வேண்டுமென்றே, அவர் காது கேட்க. மாட்டுங்காவுக்கு வருகிறாயா என்று அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் படிக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார். தனியாகத்தான் போய் நின்றுவிட்டு வருவார்.

நான் கல்யாணமாகிச் செம்பூருக்குக் குடிவந்து, என் பிள்ளைகளும் வளர்ந்த பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டில் பஜனை நடந்தது. பாட வேண்டிய பெண் புதிது. அவள் முறை வந்ததும் சுருதி பிடிபடாமல் திகைத்துப்போனாள். ஆர்மோனியம் வாசித்தவர் பதறவில்லை. அவள் எடுக்க வேண்டிய கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். நீளமாக ஒரே சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு பாடினாள். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. மாமா அப்போது உயிரோடு இல்லை. அம்மாவும் இல்லை. அன்றைக்கு என் மணிக்கட்டை ஏன் அப்படிப் பிடித்தாய், தேற்றவா தடுக்கவா என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

கோபம் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இப்போது மாமாமேல் வேறு மாதிரிக் கோபம். அந்த மீசைக்காரரிடம் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே? ஊருக்கே கேட்கிற மாதிரி வாசிக்கத் தெரிந்தவருக்கு, என் காதில் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?

மறந்துபோனவன் கட்டையிலிருந்து கையை எடுத்துவிடுவான். பதினோரு வயதில் எனக்கு அது தெரியவில்லை. இரண்டு தடவையும் அந்தச் சத்தம் நீண்டு ஒலித்தது, சரியாக என் ஒரு மூச்சு நேரம். இரண்டு தடவையும் நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், அழுகை வெளியே வந்துவிடக் கூடாதே என்று.